இலை உதிருமுன் விழுந்த பனி

அந்த வருஷம் பனிக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. நவம்பரின் முதல் வாரம்கூட முடியவில்லை. மரங்களில் பாதிக்கு மேல் இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி, சனி விடியும்வரை ஈரப்பனி கொட்டித் தீர்த்துவிட்டது.

மேரிகிறேஸ் எழுந்து குசினிக்குள் வந்தபோது, அவளுடைய கணவர் நிக்கலஸ் தேநீர்க் கோப்பையோடு யன்னலடியில் நின்றுகொண்டிருந்தார். டென்மார்க்கின் விபோர்க் நகரத்து ஓரத்தில் அவர்களுடைய வீடு. வழக்கமாகப் பனியைக் கண்டால் முகம் சுளிக்கிற மனிதர் அவர். காரைச் சுரண்ட வேண்டும், வாசலைக் கூட்டி உப்புப் போட வேண்டும் என்று முணுமுணுப்பார். அன்று முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

“பாத்தீரே? நாளைக்கு ஒருத்தரும் மலையேற ஏலாது,” என்றார்.

அவள் கேத்திலில் தண்ணீர் வைத்தாள்.

மலை என்று அவர் சொன்னது ஹிம்மல்பியர். வானமலை என்று பொருள். வேறு நாட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். நூற்றைம்பது மீற்றர் உயரம்கூட இல்லை. ஆனால் உருட்டித் தேய்த்த ரொட்டி மாதிரிக் கிடக்கிற டென்மார்க்கில் அதுவும் மலைதான். காட்டுக்குள்ளால் ஏரிக்கரையோரம் நடந்துபோய், கடைசியில் செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து போகிற படிகளில் ஏறினால் உச்சி வரும். அங்கே ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. இந்த நாட்டுக்கு வந்த முப்பது வருஷத்தில் மேரிகிறேஸ் பல தடவை உச்சிக்குப் போயிருக்கிறாள். எல்லாம் காரில். மறுபக்கத்து வீதியால் மேலேவரை கார் போகும். இறங்கி, மகள் ஸ்ரெபானிக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, கீழே தெரிகிற ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கரையிலிருந்து அவள் ஏறியதில்லை.

ஏப்ரலில் அவளுக்கு இருதய வால்வு ஒன்றை மாற்றினார்கள். ஓகூஸ் ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பை வெட்டித் திறந்து, பழுதானதை எடுத்துவிட்டு, செயற்கை வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் புது வால்வு வேலை செய்வது வெளியே கேட்கும். அறை அமைதியாக இருந்தால், சின்ன மணிக்கூடு ஒன்றை விழுங்கியவள்போல அவளிடமிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும். வால்வில் இரத்தம் கட்டிப்படாமல் இருக்க வாழ்நாள் முழுக்கக் குளிசை எடுக்க வேண்டும். அந்தக் குளிசை எடுக்கிறவர்களுக்குக் காயம்பட்டால் இரத்தம் இலகுவில் நிற்காது. விழுந்து தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். டொக்டர் எவ்வளவோ சொன்னார். நிக்கலஸின் மனதில் நின்றது அந்த ஒரு வசனம்தான்.

அதற்குப் பிறகு அவர் அவளைத் தனியே படியிறங்க விட்டதில்லை. உடுப்புக் கூடையைத் தூக்க விட்டதில்லை. கோடையிலேயே கார் ஓட்டலாம் என்று டொக்டர் அனுமதி கொடுத்தும் கார்த் திறப்பு அவருடைய பொக்கற்றை விட்டு வெளியே வரவில்லை. இரவில் அவள் திரும்பிப் படுத்தால் இவர் எழும்பி இருந்து அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். யன்னல்கள் செய்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பாரம் தூக்குகிற மனிதர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்த் திரிந்தார். எல்லாம் அன்புதான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அன்புக்குள் கையைக் காலை நீட்ட இடமில்லாமல் இருந்தது. முதியோர் இல்லத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள் அவள். எத்தனையோ பேரைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, திரும்ப நடக்கப் பழக்கிய கைகள் இப்போது மடியில் சும்மா கிடந்தன.

நகராட்சி நடத்துகிற பயிற்சி வகுப்புக்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அங்கே இருதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கிற பியா என்ற இளம்பெண், ஒருநாள் எல்லாரையும் வட்டமாக இருத்தி, ஆளுக்கு ஓர் ஆசை சொல்லச் சொன்னாள். ஒருவர் தோட்டத்துப் புல்லைத் தானே வெட்ட வேண்டும் என்றார். இன்னொருவர் பேத்தியின் விழாவில் ஆட வேண்டும் என்றார். மேரிகிறேஸின் முறை வந்தபோது யோசிக்காமலே வாயில் வந்தது: “ஹிம்மல்பியர். கரையிலிருந்து மேலே.” சொன்ன பிறகுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பியா கைதட்டி, எல்லாருமாகவே போவோம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டாள்.

சனி மதியம் பியாவிடமிருந்து மெசேஜ் வந்தது. பனி காரணமாக நடை இரண்டு வாரம் தள்ளிப்போகிறது. கூடவே, காட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இணையத்தில் போட்டிருந்த பாதை நிலவரத்தையும் அனுப்பியிருந்தாள். நிக்கலஸ் அதை வாங்கிச் சத்தமாக வாசித்தார். ஈரப்பனிக்கு அடியில் இலைகள் கிடப்பதால் பாதை வழுக்கும். மரங்களில் இன்னும் இலை இருப்பதால் பனியின் பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து விழுகின்றன. படிகளில் மிகுந்த கவனம் தேவை.

“கேட்டீரே?” என்றார்.

“வழுக்கும் எண்டுதான் போட்டிருக்கு. மூடியிருக்கு எண்டு போடேல்லை.”

“மேரி, விசர்க்கதை கதையாதையும்.”

“செவ்வாய்க்கிழமை நகராட்சியில, நான் திரும்ப வேலைக்குப் போக ஏலுமோ எண்டு கதைக்கக் கூப்பிட்டிருக்கினம். நான் அவைக்கு என்ன சொல்லுறது?”

“ஏலாது எண்டு சொல்லும். பென்சனுக்குக் கேப்பம். உள்ளதைத்தானே சொல்லப்போறீர்.”

“உள்ளதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா. அதைத்தான் நான் பாக்கப்போறன். செவ்வாய்க்கு முதல் பாக்கோணும்.”

அவர் கொப்பன்ஹேகனில் இருக்கிற மகளுக்குப் போன் எடுத்தார், அவள் தன் பக்கம் நிற்பாள் என்ற நம்பிக்கையில். ஸ்ரெபானி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னாள்: “அம்மா போகட்டும் அப்பா. தனியே விடப் பயமென்றால் நீங்களும் கூடப் போங்கள்.”

ஞாயிறு காலை அவர்கள் புறப்பட்டார்கள். நிக்கலஸ்தான் காரை ஓட்டினார். வீதிகளில் பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. சில்க்கபோர்க்கைத் தாண்டிக் காட்டுப் பக்கம் திரும்பியதும் உலகம் மறுபடியும் வெள்ளையானது. காட்டோரம் காரை நிறுத்தியபோது வேறு ஒரு வாகனமும் அங்கே இல்லை.

மேரிகிறேஸ் கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சப்பாத்துகளுக்கு மேல் இரும்பு முட்கள் பதித்த றப்பர் பட்டிகளை இழுத்து மாட்டினாள். மாரிகாலத்தில் வழுக்காமல் நடக்க முதியோர் இல்லத்தில் கொடுத்தவை. பியாவிடம் இரவல் வாங்கிய ஊன்றுகோல்கள் இரண்டு கையில் இருந்தன.

“உங்களுக்கும் ஒரு சோடி வாங்கியிருக்கலாம்,” என்றாள்.

“முப்பது வருஷமா இந்த ஸ்நோவுக்குள்ள நடக்கிறன். எனக்கு உது வேண்டாம்.”

பாதை முதலில் இலகுவாகத்தான் இருந்தது. இருபக்கமும் உயர்ந்த பீச் மரங்கள். மஞ்சள் இலைகளுக்கு மேல் பனி குந்தியிருக்க, கிளைகள் எல்லாம் பாரம் சுமந்தவர்கள்போலக் குனிந்து நின்றன. அடிக்கொரு தடவை எங்கோ ஒரு கிளை பனியை உதறிவிட்டு நிமிர்கிற சத்தம் கேட்டது. காலடியில் மேலே பனி, அதற்குக் கீழே நனைந்த இலை, அதற்கும் கீழே இன்னும் உறையாத சேறு. சவர்க்காரத்தில் மிதித்த மாதிரி அடி நழுவப் பார்க்கும். மேரிகிறேஸின் முட்கள் இலையைக் குத்தி மண்ணைப் பிடித்தன. நிக்கலஸ் ஒவ்வொரு அடியிலும் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் வழுக்கும்போதெல்லாம் அவளும் சேர்ந்து ஆடினாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் அவள் கடைசியில். “என்ரை கையை விடுங்கோ. நீங்கள் பிடிச்சால்தான் நான் விழுவன்.”

அவருக்கு அது சுட்டிருக்க வேண்டும். கையை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். அவருடைய மூச்சு மட்டும் அவளுடைய கழுத்துக்குப் பின்னால் கேட்டது.

அவள் மெதுவாக நடந்தாள். ஒரு கோலை ஊன்றி, அது நிற்கிறதா என்று பார்த்து, பிறகு காலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் சூடு பரவியது. இடப்பக்கம் மரங்களின் இடைவெளியால் ஏரி கறுப்பாகத் தெரிந்தது. பனிக்குள் அது இன்னும் கறுப்பாக இருந்தது. மாதக்கணக்காக அவள் இவ்வளவு தூரம் நடந்ததில்லை. நெஞ்சுக்குள் டிக்கிட்டுக்கொண்டிருந்தது கொஞ்சம் வேகமாகியது, பிறகு ஒரே சீரானது.

எதிரே ஒரு வயதான டெனிஷ் பெண் மண்ணிற நாயோடு வந்தாள். நின்று, அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்தாள்.

“படிகளுக்குக் கொஞ்சம் முன்னால் மரம் ஒன்று பாதையில் விழுந்து கிடக்கிறது,” என்றாள். “மேல்பக்கத்தால் ஏறிச் சுற்றிப் போங்கள். ஏரிப்பக்கம் போக வேண்டாம். அங்கே பனிக்குக் கீழே வெறும் கிளைகள்தான், மண் இல்லை.”

நன்றி சொல்லிவிட்டு நடந்தார்கள். அவள் சொன்னபடியே மரம் கிடந்தது. பெரிய பீச் மரம், வேரோடு சாய்ந்து, இலைகளும் பனியுமாகப் பாதையை அடைத்துக்கொண்டு. மேல்பக்கம் ஆளுயரத்துக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். நிக்கலஸ் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“உதால உம்மாலை ஏலாது. நான் கீழ்ப்பக்கத்தைப் பாக்கிறன்.”

“அந்த அம்மா சொன்னவ...”

“கொஞ்சம் நில்லும். நான் பாத்திட்டுச் சொல்லுறன்.”

நாலைந்து அடி வைத்திருப்பார். பனி தரைபோலத்தான் தெரிந்தது. அடுத்த அடியில் அவருடைய இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது. உடம்பு முன்னால் விழுந்தது, கால் மட்டும் கிளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வரவில்லை. காய்ந்த தடியை முறித்ததுபோல ஒரு சத்தம். நிக்கலஸ் கத்தவில்லை. ஒரு நீண்ட மூச்சை இழுத்து, அதை வெளியே விட முடியாதவர்போலக் கிடந்தார்.

மேரிகிறேஸ் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோலால் பனியைக் குத்திக் குத்தி மண் இருக்கிற இடம் பார்த்து, அவருடைய தலைப்பக்கமாகப் போய்ச் சேர்ந்தாள். கிளைகளை விலக்கிக் காலை மெல்ல எடுத்தாள். கணுக்கால் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் விரல்களை அசைக்கச் சொன்னாள்.

“அசையுது,” என்றார் அவர். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. “நோகுது மேரி.”

“நோகும். முறிஞ்சிருக்கு. கையை என்ரை தோளில போடுங்கோ. தள்ளாதேங்கோ, நான் சொல்லேக்கை மட்டும் நகருங்கோ.”

அவரை இழுத்து, விழுந்த மரத்தில் முதுகு சாயும்படி இருத்தினாள். முதுகுப்பையை வெறுமையாக்கி, பனி படாமல் அவருக்குக் கீழே வைத்தாள். தன்னுடைய கம்பளிச் சால்வையைக் காலைச் சுற்றிக் கட்டினாள். போத்தலிலிருந்த தேநீரைக் கையில் கொடுத்தாள். எல்லாம் செய்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, கைகள் தங்கள் பாட்டில் வேலை செய்துவிட்டன.

போனை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. நிக்கலஸின் போனிலும் இல்லை. அவசர உதவி இலக்கமான நூற்றுப்பன்னிரண்டை அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். மேலே மரங்களின் ஊடாகப் பனி திரும்பவும் விழத் தொடங்கியிருந்தது.

“ஆரும் வருவினம்,” என்றார் நிக்கலஸ். “அந்த நாய்க்கார அம்மா திரும்பி வருவா.”

“அவ வீட்டை போறா. இந்த ஸ்நோவுக்கை வேறை ஆர் வரப்போகினம்? நீங்கள் நனைஞ்சு போய் இருக்கிறியள். கன நேரம் இப்பிடி இருக்க ஏலாது.” அவள் சரிவை நிமிர்ந்து பார்த்தாள். “மேலை போனால் சிக்னல் வரும்.”

“வேண்டாம்.” அவர் அவளுடைய ஜக்கெற்றின் நுனியைப் பிடித்தார். “மேரி, வேண்டாம். நீர் விழுந்தால், தலை அடிபட்டால், நான் இஞ்ச இருந்து என்ன செய்வன்? ஒண்டும் செய்ய ஏலாது எனக்கு. காருக்குத் திரும்பிப் போம்.”

“கார் எவ்வளவு தூரத்தில நிக்குது. படி இந்தா, கிட்ட.”

“மேரி.”

அவள் அவருக்கு முன்னால் குந்தினாள். அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நேராகப் பார்த்துக் கன நாளாகியிருந்தது. இத்தனை மாதமும் அவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய நெஞ்சைத்தான் பார்த்தார்.

“நான் விழமாட்டன்,” என்றாள். “மெதுவாப் போவன். நீங்கள் இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, விரலை அசைச்சுக்கொண்டு இருங்கோ. நித்திரை கொள்ளக் கூடாது. சரியே?”

அவர் ஜக்கெற்றை விட்டார். கனக்க நேரம் எடுத்துத்தான் விட்டார்.

மரத்தின் மேல்பக்கத்தால் ஏறிச் சுற்றினாள். முழங்காலையும் ஊன்றி, வேர்களைப் பிடித்து, நாய்க்காரப் பெண்ணின் அடித்தடங்கள் இருந்த இடங்களிலேயே கால் வைத்துப் போனாள். அதைத் தாண்டியதும் படிகள் தொடங்கின. மரச்சட்டங்கள் பதித்து மண்ணில் வெட்டிய படிகள். பனி மூடி, எது படி, எது இடைவெளி என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. அவள் ஒரு கோலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் மற்றக் கோலையும் பிடித்தாள்.

முதியோர் இல்லத்தில் இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் படியேறப் பழக்கும்போது அவள் சொல்கிற வார்த்தைகள் இருந்தன. நல்ல கால் முன்னுக்கு. கையை மாற்று. நில். மூச்சு விடு. இப்போது அதையே தனக்கு டெனிஷில் சொல்லிக்கொண்டு ஏறினாள். ஏனோ அந்த வார்த்தைகள் தமிழில் வரவில்லை.

முதல் வளைவில் நின்றாள். நெஞ்சுக்குள் சத்தம் வேகமாக அடித்தது. பயம் அங்கேதான் அவளைப் பிடித்தது. இது தைத்துப் பொருத்தின சாமான்தானே, கழன்றால் என்ன செய்வது என்ற நினைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் வருகிற நினைப்புத்தான். நிக்கலஸிடம் அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை; சொல்லியிருந்தால் அவர் கண்ணை மூடியே இருக்கமாட்டார். கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பனி கழுத்துக்குள் விழுந்து உருகியது. மூச்சு மெல்லத் தணிந்தது. அந்தச் சத்தமும் தணிந்து, தன்னுடைய பழைய நடைக்கு வந்தது. கேட்டதைச் செய்கிறது, கேட்காதபோது ஆறுகிறது. கழன்று போகிற சாமானுக்கு அந்தப் புத்தி இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு நின்று போனாள். ஓரிடத்தில் கிளை ஒன்று படியில் விழுந்து கிடந்தது. அதை இழுத்துக் கீழே தள்ளிவிட்டாள். பின்னால் வருகிறவர்கள் தூக்குப்படுக்கையோடு வருவார்கள் என்ற யோசனையில். ஒரு தடவை கால் நழுவி முழங்கால் படியில் இடித்தது. கை கைப்பிடியை விடவில்லை. நின்று பார்த்தாள், கால் தாங்கியது. திரும்ப எழுந்து ஏறினாள். கீழே பார்த்தபோது நிக்கலஸ் தெரியவில்லை, மரங்கள் மறைத்திருந்தன.

“இஞ்சாருங்கோ,” என்று கூப்பிட்டாள்.

“ஓம்,” என்று எங்கோ கீழிருந்து வந்தது. பிறகு, “மெதுவா,” என்றும் வந்தது.

பொக்கற்றுக்குள் போன் அதிர்ந்தது. இத்தனை நேரம் தேங்கிக்கிடந்த மெசேஜ்கள் வந்து விழுந்தன. அவள் அங்கேயே படியில் குந்தி, நூற்றுப்பன்னிரண்டை அழுத்தினாள். மறுமுனையில் பேசிய ஆண் அவசரப்படாமல் கேட்டார். அவளும் அவசரப்படாமல் சொன்னாள்: கணுக்கால் முறிவு, உணர்வோடு இருக்கிறார், விரல் அசைகிறது, உடுப்பு நனைந்திருக்கிறது, படிகளின் அடியிலிருந்து கொஞ்சத் தூரம், விழுந்த மரத்துக்கு அப்பால், ஏரிப்பக்கத்தால் போகக்கூடாது.

“நீங்கள் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவரா?” என்று கேட்டார் அவர்.

“ஓம்,” என்றாள் தமிழில். பிறகு டெனிஷில் திருத்திச் சொன்னாள்.

மீட்புக்குழு மேலே கார் நிறுத்துமிடத்துக்கு வரும், அங்கே போய் நின்று வழி காட்டுங்கள் என்றார் அவர். மீதிப் படிகளை அவள் எப்படி ஏறினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. மேலே வந்து வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கைகளை உரசிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிதாக நிற்பதுபோல இருந்து திரும்பினாள். செங்கல் கோபுரம், ஒருபக்கம் முழுக்கப் பனி அப்பியபடி நின்றது. அதன் பின்னால் காடுகள், அவற்றுக்கு நடுவில் நீளமாகக் கறுத்த ஏரி.

அப்போதுதான் அவள் உச்சியில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

கண்ணீர் வந்தது. கீழே மனிதர் முறிந்த காலோடு கிடக்கிறார், இது என்ன நேரம் என்று அவள் தன்னையே கடிந்துகொண்டாள். என்றாலும் கொஞ்சநேரம் வழிய விட்டாள்.

மீட்புக்குழு வந்தது. இரண்டு ஆண்களும், ஸ்ரெபானியின் வயதிருக்கும் ஒரு பெண்ணும். மேரிகிறேஸ் படிகளின் நிலைமையை வளைவு வளைவாகச் சொன்னாள். எங்கே சட்டம் ஆடுகிறது, எங்கே கைப்பிடி முடிகிறது, மரத்தை எந்தப் பக்கத்தால் சுற்ற வேண்டும் என்றெல்லாம். அவர்கள் கயிறும் தூக்குப்படுக்கையுமாக இறங்கினார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு கணம் நின்று காதைச் சாய்த்தாள்.

“உங்களிடம் ஏதோ டிக்கிடுகிறதே?”

“என்னுடைய இருதயம். ஏப்ரலில் பழுது பார்த்தது.”

அந்தப் பெண் படிகளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள்,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நிக்கலஸைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது அவர் கண்ணைத் திறந்து முதலில் தேடியது அவளைத்தான். கண்டதும், குளிரில் சரியாக அசையாத உதட்டால், “விழுந்தனீரே?” என்று கேட்டார்.

“ஒருக்கா முழங்கால் இடிச்சது. இரத்தம் ஒண்டும் வரேல்லை.”

“அங்கை கிடக்கேக்கை...” என்றார். மூச்சு வாங்கியது. “அந்தச் சத்தம் கேக்காமல் எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. பிறகு நீர் கூப்பிட்டீர்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவருடைய காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கைவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டு கிடந்தார். மீட்புக்குழுவின் வாகனம் அவளைக் காட்டோரம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அம்புலன்ஸ் போன வழியே ஆஸ்பத்திரிக்கு அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு போனாள், மெதுவாக, பின்னால் வந்தவர்களையெல்லாம் முந்திப்போக விட்டு.

அன்று மாலையே கணுக்காலுக்குத் தகடு வைத்து, திங்கட்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்டத்துக்கு, வீட்டில் இருங்கோ என்று மேரிகிறேஸ் சொல்லியும் கேட்காமல், நிக்கலஸ் கவட்டுத்தடிகளை ஊன்றிக்கொண்டு வந்தார். அறைக்குள் போனதும் அங்கிருந்த அலுவலர், அவர்தான் நோயாளி என்று நினைத்துக் கதிரையை இழுத்துக் கொடுத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று அனுதாபத்தோடு கேட்டார். மேரிகிறேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிக்கலஸும் சிரித்தார்.

அவள் அரைநேர வேலைக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. கிறிஸ்மஸ் முடிந்ததும் தொடங்கலாம் என்றார்கள். அதற்கு முன்னமே தொடங்கலாமா என்று அவள் கேட்டாள். நிக்கலஸ் வாயைத் திறந்தார். பிறகு அலுவலர் கொண்டுவந்து வைத்த கோப்பியை எடுத்துக் குடித்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பியாவின் குழு ஹிம்மல்பியருக்குப் போனது. புல்வெட்ட ஆசைப்பட்டவரும் வந்தார், ஆட ஆசைப்பட்டவரும் வந்தார். பனி பெரும்பாலும் கரைந்து, நிழல் விழுகிற பள்ளங்களில் மட்டும் கிடந்தது. மரங்களில் இப்போது இலையே இல்லை. விழுந்த மரத்தை வெட்டிப் பாதையோரம் அடுக்கியிருந்தார்கள். வெட்டுவாய் இன்னும் ஈரமாக மணத்தது. வழி தெரிந்தவள் என்று பியா அவளையே முன்னால் விட்டாள்.

நிக்கலஸ் உச்சியில் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். வார இறுதிக்கு வந்திருந்த ஸ்ரெபானி அவரைக் கூட்டிவந்திருந்தாள். படிகளின் அடியில் நின்று மேரிகிறேஸ் போனைப் பார்த்தாள், வழக்கம்போல அங்கே சிக்னல் இல்லை. இரண்டாவது வளைவு தாண்டியதும் போன் அடித்தது.

“எங்கை நிக்கிறீர்?”

“பாதிப் படியில.”

“வழுக்குதே?”

அவள் நின்று வடிவாகப் பார்த்தாள். கீழே ஏரி வெயிலில் பளபளத்தது. பின்னால் வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த வளைவு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நிழல் பக்கம் மட்டும் கொஞ்சம் வழுக்குது,” என்றாள். “மற்றப்படி பாதை நல்லம். ஸ்ரெபானியிட்டைச் சொல்லி எல்லாருக்கும் கோப்பி வாங்கி வையுங்கோ. நாங்கள் வாறம்.”